அழைப்பிதழில் இருந்த நேரம்

சனிக்கிழமை, பகல் பதினொன்று ஐம்பத்தேழு. லண்டன், கிங்ஸ்பரியில் ஒரு மண்டபம். சுமதி என்ற தாய் தன் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டுக்கு அழைப்பிதழில் அச்சிட்டிருந்த சுபநேரம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. பிள்ளை அப்போது மேடைக்கு வந்திருக்கவில்லை. திருத்தவேலைக்காக ரயில் பாதையை மூடியிருந்தபடியால் மேக்கப் செய்கிற பெண் பதினொன்று நாற்பதுக்குத்தான் ஓடிவந்து சேர்ந்திருந்தார்.

நான் அந்த மண்டபத்தில் இல்லை. அந்தக் குடும்பத்தை அப்போது எனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தை என் பிள்ளைகள் பிறந்த நேரத்தைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். சுமதியின் தம்பி குகன் செய்யாத கொலைக்காகப் பதினான்கு வருடமாகச் சிறையில் இருக்கிறான். அது தொடங்கியது அங்கேதான். அதில் என் கையும் இருக்கிறது.

ஆர்ச்வேயில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் இருபத்துநான்கு வருடம் வேலை செய்து, போன வருடம் ஐம்பத்தெட்டு வயதில், நேரத்துக்கு முந்தியே ஓய்வு எடுத்தேன். என் இடத்துக்கு வந்த பிள்ளை சில மாதங்களுக்கு முன் போன் பண்ணினாள். தண்டனை பெற்றவர்களின் வழக்குகளை மறுபடி பார்க்கிற ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, இதுக்கு முதல் விண்ணப்பிச்சதோ எண்டு ஒரு கேள்வி இருக்கு. ஓம் எண்டு போட்டா என்ன நடக்கும்?"

அது போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. எழுதித் தாறேன் என்றேன். இதுதான் அது.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்பது பெரிய கதை இல்லை. அகதியாக வந்தேன், பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றேன், மாலை வகுப்பில் படித்தேன், தட்டெழுத்து வேலை என்று உள்ளே போனேன். தமிழ் தெரிந்தபடியால் எங்கள் ஆட்களின் வாக்குமூலங்களை எழுதத் தந்தார்கள். மற்றதெல்லாம் மிஸ் ஹாலோரனிடம் கற்றது.

அவர்தான் எங்கள் சொலிசிட்டர். ஐரிஷ் பெண்மணி. கடிதங்களை நின்றுகொண்டுதான் படிப்பார். கெட்ட செய்தி என்றால் இரண்டு தரம் படிப்பார், இரண்டாவது தரம் சத்தமாக. யாரையும் ஏசியதில்லை. பிழை விட்டவரின் மேசையில் அந்தக் காகிதத்தை வைத்து, பிழைக்கு நேரே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டுப் போவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். அந்தப் புள்ளிக்குப் பயந்து கடிதங்களை மூன்று தரம் சரிபார்த்தவர்கள் நாங்கள்.

வாக்குமூலம் எழுதுவதற்கு அவர் வைத்திருந்த முறையைச் சொல்லவேண்டும். இரண்டு பிரதி எழுதுவோம். ஒன்று வெளியே போகும். மற்றது அலுவலகக் கோப்புக்கு. கோப்புப் பிரதியில் இடப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு வெறுமையாக விடவேண்டும். சாட்சி சொல்லும் ஒவ்வொரு செய்திக்கும் நேரே, அது அவருக்கு எப்படித் தெரியும் என்று அந்த இடத்தில் எழுதவேண்டும். 'கண்ணால் கண்டது.' 'மனைவி சொன்னது.' 'பஸ்ஸில் இருந்த மணிக்கூடு.' எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்தச் செய்தியை வெட்டிவிடவேண்டும். புதிதாக வருகிற எல்லோருக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்: "உங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று கேள். கேட்டபிறகு, பதில் வரும்வரை வாயைத் திறக்காதே." இரண்டாவது பாதிதான் கஷ்டம். எங்கள் ஆட்கள் பேசாமல் இருந்தால் எனக்குத் தாங்காது. நானே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

குகனின் வழக்கு எங்களிடம் வந்தபோது அவனுக்கு இருபத்துநான்கு வயது. அந்தச் சனிக்கிழமை, கிங்ஸ்பரியிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம் தள்ளி மோர்டனில், ஒரு கடைக்குப் பின்னால் ஒருவரைக் குத்திக் கொன்றிருந்தார்கள். நேரத்தில் சந்தேகமே இல்லை, பன்னிரண்டு முப்பத்தைந்து. கடைக் கமராவில் ஓடுகிற கால்கள் விழுந்திருந்தன, முகம் விழவில்லை. தெருவில் நின்ற ஒருவர் படங்களைப் பார்த்துக் குகனை அடையாளம் காட்டினார். இறந்தவரோடு குகனுக்கு வேலை இடத்தில் ஒரு சண்டை இருந்தது உண்மை.

குகன் சொன்னது, தான் அன்றைக்குக் கிங்ஸ்பரியில் அக்கா மகளின் சாமத்தியவீட்டில் நின்றதாக. அதுவும் உண்மை. வீடியோவில் நிற்கிறான். தாய்மாமன் என்பதால் மேடையில் முதல் வேலை அவனுக்கு. தேங்காய் உடைக்கிறான், பிள்ளைக்கு மாலை போடுகிறான், வேட்டி அவிழப் பார்க்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். ஆனால் அதில் நேரம் இல்லை. வீடியோக்காரர் பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய டிவிடியைத்தான் கொடுத்திருந்தார், அசல் வீடியோ நாடாவின் மேல் அடுத்த கிழமையே வேறொரு கலியாணத்தை எடுத்துவிட்டார். எங்களுக்குக் கிடைத்த மற்றப் படங்கள் எல்லாம் இரண்டு மணிக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் எடுத்தவை. குகனின் போன், வேட்டியில் செருக இடமில்லாமல், நாள் முழுக்க அக்காவின் கைப்பையில் கிடந்தது.

ஆகவே எல்லாம் சாட்சிகளின் கையில் இருந்தது. ஏழு பேரின் வாக்குமூலத்தை நான் எழுதினேன். சுமதி, அவர் கணவர், மற்ற ஐந்து உறவினர். சடங்கு எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டேன். ஏழு பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: பத்து முப்பத்திரண்டுக்குத் தொடங்கி, பதினொன்று ஐம்பத்தேழுக்குள் முடிந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கார்ட்டில கிடக்குதே," என்று அழைப்பிதழைக் காட்டினார் சுமதி.

நான் எழுதினேன்: 'கார்ட்'. ஏழு வாக்குமூலம், ஏழு இடத்திலும் 'கார்ட்'.

மிஸ் ஹாலோரன் நின்றபடி எல்லாவற்றையும் படித்தார். "ஏழு பேருக்கும் கார்டா? ஒருவர்கூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லையா?"

நான் சொன்னேன், "எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் பிந்துவார்கள். சுபநேரத்துக்கு மட்டும் பிந்தமாட்டார்கள்."

அவர் சிரித்தார். கையில் எடுத்த பென்சிலைத் திருப்பி மேசையில் வைத்தார். என் சனத்தைப் பற்றி நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

வழக்கில் அரச தரப்பு எங்கள் சாட்சிகளைப் பொய்யர் என்று சொல்லவே இல்லை. அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டது. மாமனின் வேலை முதல் வேலை, அது பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டது, பிறகு அவர் காரில் மோர்டன் போனார், சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார். பன்னிரண்டரைக்கு அவரைக் கண்டீர்களா என்று கேட்டபோது எங்கள் ஆட்கள், "அங்கைதான் நிண்டிருப்பான்," என்றார்கள். ஆயுள் தண்டனை. குறைந்தது பதினெட்டு வருடம்.

அதன் பிறகு என்ன வழி இருக்கிறது என்பதைப் புதியவர்கள் தெளிவாக விளங்கிக்கொள்ளவேண்டும். மேல்முறையீடு ஒரு தரந்தான். நாங்கள் அடையாளம் காட்டிய சாட்சியைப் பற்றி வாதாடித் தோற்றோம். அதோடு அந்த நீதிமன்றத்தின் கதவு சாத்தப்படும். ஆணையம் அனுப்பினால் ஒழிய மறுபடி திறக்காது. ஆணையத்துக்கு எத்தனை தரமும் எழுதலாம், தடை இல்லை. ஆனால் முன்பு சொல்லாத ஒன்று இருக்கவேண்டும். முன்பே சொல்லியிருக்கக்கூடிய ஒன்று என்றால், ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். எங்களிடம் கொஞ்சக்காலம் பயிற்சிக்கு வந்த அமெரிக்கப் பெண் ஒருத்தி சொன்னாள், அவர்கள் நாட்டில் ஒரு கைதி மத்திய நீதிமன்றத்துக்கு இரண்டாவது மனுப் போடுவதற்கே முதலில் மேல் நீதிமன்றத்திடம் அனுமதி வாங்கவேண்டும், நான் நிரபராதி என்று கத்தினாலும் அந்தப் படியைத் தாண்டுகிறவர்கள் மிகக் குறைவு என்று. "நீங்கள் எவ்வளவோ மேல்," என்றாள். மிஸ் ஹாலோரன் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

முதல் விண்ணப்பம் போட்டோம். மறுத்தார்கள். அந்த விண்ணப்பத்திலும் என் ஏழு வாக்குமூலங்களும் இணைப்பாகப் போயின.

மறுப்பு வந்து எட்டு மாதத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிறு மத்தியானம், என் மகள் கீர்த்தனா சிநேகிதியைக் கூட்டிவந்து தன் சாமத்தியவீட்டு வீடியோவைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, இஞ்ச வாங்கோ. மணிக்கூடு எப்ப செத்தது?"

வந்து பார்த்தேன். மேடைக்குப் பின்னால் மண்டபச் சுவரில், மணிக்கூட்டின் முகம் தெரியாமல் கதம்ப மாலை சுற்றித் தொங்குகிறது. செத்தவரின் படத்துக்குப் போட்ட மாதிரி. சிநேகிதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த மாலையைப் போடச் சொன்னது நான். மண்டபத்தை அலங்கரித்த சோடனைக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, வீடியோவில நேரம் விழக்கூடாது," என்று நானே சொன்னேன். அன்றைக்கு எங்களுக்கு ஐம்பது நிமிடம் பிந்திவிட்டது. கேட்டவர்கள் எல்லோருக்கும், கடவுளே எண்டு நேரத்துக்கு முடிஞ்சது என்று சொன்னேன். மாமியாருக்குச் சொன்னேன், சுவிஸில் இருக்கிற தங்கச்சிக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது அப்படித்தான் நடந்ததாக ஆகிவிட்டது. குகனின் சாட்சிகளின் முன்னால் பேனையோடு இருந்தபோது கீர்த்தனாவின் சடங்கு நடந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அப்படியிருந்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை குகனின் டிவிடியைப் போட்டுப் பார்த்தேன். மேடைக்கு வலப்பக்கச் சுவரில், வேறெங்கும் பலூன் இல்லாத இடத்தில், வட்டமாக ஒரு கொத்து ரோஸ் நிறப் பலூன். மண்டபத்துக்குப் போன் பண்ணினேன். அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மணிக்கூடு என்றார்கள்.

மிஸ் ஹாலோரனிடம் போய்ச் சொன்னேன், என் மகளின் மாலையையும் சேர்த்து. அவர் கோப்பை எடுத்து, ஏழு வாக்குமூலங்களையும் மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் 'கார்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். ஏழு புள்ளி. பிறகு தன் பெயர் இருந்த முகப்புத் தாளிலும் ஒன்று வைத்தார்.

"அந்தக் குடும்பத்திடம் போய்க் கேட்டு வா. பிறகு இந்த வழக்கு எங்களிடம் இருக்கக்கூடாது. இனி நாங்கள் வக்கீல் இல்லை, சாட்சி."

சுமதியின் வீட்டில் ஒரு மணித்தியாலம் கார்ட்டைத்தான் காட்டினார்கள். கணவர் எழுந்து போய் டிவியைப் போட்டார்.

"நேரம் தப்பேல்ல, அக்கா. ஏழு பேர் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கினம். இப்ப என்ன புதுசா?"

"சுமதி, என்ர மகளுக்கு நான் மணிக்கூட்டுக்கு மாலை போட்டனான். நீர் பலூன் கட்டினனீர்."

அன்றைக்குத்தான் நான் மிஸ் ஹாலோரன் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். டிவிச் சத்தம் நின்றது.

"மேக்கப் செய்யிற பிள்ளை பதினொண்டு நாற்பதுக்குத்தான் வந்தது. மகளை மேடையால ஒண்டேகாலுக்குத்தான் இறக்கினது," என்றார் சுமதி. "நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் பேச வேணுமெல்லே அக்கா. நேரம் தப்பிச் செய்தது எண்டு கோட்டில எழுதினா அது லண்டன் முழுக்கப் போகாதோ? அவன் செய்யேல்லைத்தானே. செய்யாதவனை எப்பிடியும் விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சனாங்கள்."

கடைசியாக ஒரு தரம் மிஸ் ஹாலோரனும் நானும் சிறைக்குப் போனோம். எங்கள் பிழையை அவனிடம் நேரே சொல்லவேண்டும் என்பது அவர் முடிவு. குகன் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தான். நான் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பிந்தினது எனக்குத் தெரியும், அன்ரி," என்றான். "எவ்வளவு எண்டு தெரியாது. பிள்ளையின்ர நேரத்தைக் கோட்டுக்கு இழுக்காத எண்டு அக்கா கேட்டவ. நான் ஓம் எண்டிட்டன்."

"உன்ர உயிரல்லோடா?"

"அப்ப அப்பிடித் தெரியேல்ல. அக்காவை ஏசாதேங்கோ."

அவன் என்ன சொன்னான் என்று மிஸ் ஹாலோரன் கேட்டார். மொழிபெயர்த்தேன்.

வழக்கு வேறோர் அலுவலகத்துக்குப் போனது. இரண்டாவது விண்ணப்பத்தில் சுமதியின் புது வாக்குமூலம் போனது, கணவருடையது போனது, என்னுடையதும் போனது. ஆட்களின் வாயிலிருந்து ஆயிரக்கணக்கான வரிகள் எழுதிய கை, தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத நாலு நாள் எடுத்தது. மேக்கப் பெண்ணைத் தேடிப் பிடித்தார்கள். பிந்திப்போனது எத்தனையோ சனிக்கிழமை, இது எது என்று நினைவில்லை என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் எடுத்து, பண்பான கடிதம் ஒன்று வந்தது. சாட்சிகள் ஏழு பேருக்கும் இந்தச் செய்தி விசாரணையின்போதே தெரியும். சொல்லாததற்குக் கூறும் காரணம் நம்பும்படியாக இல்லை. எல்லாம் தோற்ற பிறகு மாற்றிய சொல்லை நீதிமன்றம் ஏற்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. இதே விடயத்தோடு மறுபடி வந்தால் ஆராயப்படமாட்டாது.

எனக்கு அந்தக் கடிதத்தை எழுதியவர்மேல் கோபம் வரவில்லை. ஒரு சடங்கின் நேரத்துக்காக ஒரு தமக்கை தன் தம்பியைச் சிறைக்கு விடுவாளா என்று அவர் யோசித்திருப்பார். சுமதி அப்படி விடவில்லை. தம்பி எப்படியும் வந்துவிடுவான், மகளின் பெயருக்கு வந்தது போகாது என்று கணக்குப் பார்த்தார். இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் பொய் மாதிரித்தான் இருக்கிறது.

ஆக, பிள்ளை, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். 'ஓம்' என்று போட்டால் உன் காகிதத்தை, உன் ஆள் இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள். முதல் தரம் எழுதியது அழியாது.

அதற்குப் பிறகும் வருடக்கணக்காக வேலை செய்தேன். ஆனால் ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் பிறகு வீட்டிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, "நேரம் நிச்சயமோ?" என்று மறுபடி கேட்கத் தொடங்கிவிட்டேன். சிலர் முறைப்பாடு செய்தார்கள். மிஸ் ஹாலோரன்தான் போதும், ஓய்வு எடு என்றார். என் மகனுக்கு இப்போது இருபத்துநான்கு வயது. வெளியே போனால் போய்ச் சேர்ந்த நேரத்தையும் அங்கே யார் நின்றார்கள் என்பதையும் மெசேஜ் போடச் சொல்கிறேன்.

"அம்மா, நான் வேலைக்குப் போறன். கொலைக்கேஸுக்கு இல்லை," என்றான் ஒருநாள். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஸொரி அம்மா," என்றான். இப்போது ஒழுங்காகப் போடுகிறான். நான் அவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு பத்துக்கு, கதவு மணி அடித்தது. ஒரு பெண் நின்றாள். வேலைக்குப் போகிற உடுப்பு, கையில் பழைய பிளாஸ்ரிக் ஃபைல்.

"அன்ரி, நான் ஆரணி. சுமதியின்ர மகள்."

பன்னிரண்டு வயதில் வீடியோவில் பார்த்த முகம்.

"எனக்குக் கலியாணம் பேசினம். சாதகம் எடுக்க அம்மான்ர ஃபைலைத் திறந்தன். சாதகத்துக்குக் கீழ இது கிடந்தது." ஆணையத்தின் இரண்டாவது கடிதத்தை நீட்டினாள். "மாமாவை ஆள்மாறி உள்ள போட்டிட்டாங்கள் எண்டுதான் எனக்குச் சொன்னவை. என்ர சடங்கு நேரம்தான் பிரச்சினை எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. இதில ஏழு சாட்சி எண்டு கிடக்கு. ஏன் என்னை ஒருத்தரும் கேக்கேல்ல?"

"நீர் அப்ப சின்னப்பிள்ளை."

"அது என்ர ஃபங்ஷன், அன்ரி. நான்தானே நடுவில இருந்தனான்."

அவளை உட்காரவைத்து, நான் எதுவும் கேட்கக்கூடாது, நானும் இதில் சாட்சி என்று சொன்னேன். புது சொலிசிட்டரைக் கூப்பிட்டேன். அவர் நீதிமன்றத்தில் நின்றார், ஆறு மணிக்குள் தானே வருவதாகச் சொன்னார். பதினான்கு வருடத்துக்கு முந்திய ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நினைவு. தாயின் மகள், மாமனின் மருமகள். அதை வைத்து ஆணையம் என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஏழு பேரில் அவள் இல்லை. இதுவரை எந்தக் காகிதத்திலும் அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

தேநீர் வைத்தேன். அவள் குடிக்கவில்லை. கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

"நான் பசியில அழுதனான். மாமா உடுப்பு மாத்துற அறைக்கு ஒளிச்சு மட்டன் ரோல் ஒண்டு கொண்டுவந்து தந்தவர். அண்டைக்கு மச்சம், இறைச்சி எண்டு ஒண்டும் தொடக்கூடாது. லிப்ஸ்ரிக் அழியும் எண்டு பிச்சுப் பிச்சு வாயில வைச்சவர். பிறகு கதவடியில நிண்டு, வா மகாராணி எண்டு கூப்பிட்டவர். நாங்கள் மேடைக்கு வெளிக்கிடேக்க பன்னிரண்டு இருபத்தெட்டு."

கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். இருபத்துநான்கு வருடப் பழக்கம், வாய் முந்திவிட்டது.

"அது உமக்கு எப்பிடித் தெரியும்?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"மேடைக்குப் பக்கத்தில இருந்ததைத்தானே அன்ரி பலூனால மூடினவை. நான் இருந்த அறையில இருந்த மணிக்கூட்டை ஒருத்தரும் மூடேல்ல."